பகிர்வும் மாற்றுவழியும்: பன்மாடிக் கட்டட வலையமைப்பின் வரலாறு குறித்து ஒரு நோக்கு

வரலாறு என்பது அரசர்களின் ஆட்சியாண்டுகளையும் போர்களின் வெற்றி தோல்விகளையும் தொகுத்துரைப்பதே என்ற கருத்து இன்று பெரிதும் கைவிடப்பட்டுள்ளது. குளமும் கால்வாயும், புகையிரதப் பாதையும், அஞ்சற் சேவையும், அச்சுப்பொறியும் மனிதரின் அன்றாட வாழ்வை எவ்வாறு மாற்றின என்பதும் வரலாற்று மாணவனின் ஆய்வுக்குரிய பொருளாகிவிட்டது. இவ்வரிசையில் வைத்து நோக்கத் தக்கதாயினும், கலைத்துறை சார்ந்தோரின் கவனத்தை அதிகம் பெறாத பொருளொன்று உண்டு. நூலகம், வைத்தியசாலை, அலுவலகம் ஆகியவற்றின் மாடிகள்தோறும் பரந்து கிடக்கும் கணினி வலையமைப்பே அது. கூரையிற் பொருத்தப்பட்ட சிறு பெட்டியாகிய அணுகற் புள்ளியையும், பூட்டிய சிற்றறையில் இரவுபகலாக இயங்கும் ஆளியையும் நாம் காண்பதில்லை. அவை இயங்காதபோது மட்டுமே அவற்றைப் பற்றிச் சிந்திக்கின்றோம்.

இவ்வமைப்பின் வரலாறு அடிப்படையில் இரு வினாக்களின் வரலாறாகும். ஒரே ஊடகத்தைப் பலர் பகிர்ந்துகொள்வது எவ்வாறு என்பது முதலாவது வினா. ஒரு பாதை பழுதுற்றபோது பணி தடைப்படாதிருக்க மாற்றுப் பாதையொன்றை வைத்திருப்பது எவ்வாறு என்பது இரண்டாவது. இவ்விரு வினாக்களும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு இடங்களில் எழுந்தவை. ஆயினும் இவற்றுக்குக் கிடைத்த விடைகள் ஒரே திசையையே சுட்டுகின்றன. கருவிகளின் மிகுதி தன்னளவிற் பாதுகாப்பாகாது; ஒழுங்குக்கு உட்பட்ட மிகுதியே பாதுகாப்பாகும். இதனை வரலாற்றுச் சான்றுகள் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீவுகளிடையே ஒரு பரிசோதனை

பகிர்வு பற்றிய வினா பசுபிக் சமுத்திரத்தின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகளிற் கூர்மை பெற்றது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெரிய கணினி ஒரு தீவில் இருந்தது. அதனைப் பயன்படுத்த வேண்டிய கல்லூரிகளும் ஆய்வு நிலையங்களும் பல தீவுகளிற் சிதறிக் கிடந்தன. தொலைபேசி இணைப்புகளுக்குச் செலவு மிகுதி; நம்பகத்தன்மையோ குறைவு. இந்நிலையில் நோமன் ஏப்ரம்சனும் அவருடைய சகாக்களும் வானொலி அலைகளை நாடினர். அலோஹா என்னும் ஹவாய் மக்களின் வாழ்த்துச் சொல்லைப் பெயராகக் கொண்ட அவர்களின் வலையமைப்பு 1971 ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது.

இவ்வமைப்பின் விதி வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. அனுப்ப வேண்டிய தகவல் சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டது. எந்த நிலையமும் தான் விரும்பிய கணத்திற் பொதியை அனுப்பலாம். மைய நிலையத்திலிருந்து பெற்றுக்கொண்டதாக மறுமொழி வந்தால் நன்று. வராவிடின், இன்னொரு நிலையத்தின் பொதியுடன் மோதிச் சிதைந்ததென்று கொண்டு, ஒழுங்கற்றதொரு கால இடைவெளிக்குப் பின் மீண்டும் அனுப்ப வேண்டும். இடைவெளி ஒழுங்கற்றதாக இருக்க வேண்டியது இன்றியமையாதது. இரு நிலையங்களும் ஒரே அளவு நேரம் காத்திருந்தால் மறுபடியும் மோதிக்கொள்ளும் அல்லவா?

எளிமைக்குக் கொடுக்க நேர்ந்த விலையும் சிறிதன்று. இவ்விதியின்கீழ் அலைவரிசையின் கொள்ளளவில் ஏறத்தாழ 18.4 சதவீதமே பயன்படக்கூடும் என்பது கணித வழியாக நிறுவப்பட்டது. நேரத்தைச் சம கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்பலாமென ஒரு கட்டுப்பாடு விதித்ததும் அவ்வளவு 36.8 சதவீதமாக இரட்டித்தது. ஊடகம் மாறவில்லை, கருவிகள் பெருகவில்லை, ஒழுங்கொன்று கூடியது, பயன் இருமடங்காகியது. பிற்கால வரலாறு முழுவதற்கும் இதனை ஒரு முன்னுரையாகக் கொள்ளலாம்.

வடத்தினுள் ஈதர்

ஏப்ரம்சனின் கருத்துகளைக் கற்றுத் தமது கலாநிதிப் பட்ட ஆய்விலும் ஆராய்ந்தவர் ரொபேட் மெற்காஃப். அவர் கலிபோர்னியாவிலுள்ள செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வு நிலையத்திற் பணியாற்றியபோது, ஒரே கட்டடத்தினுள் இருந்த கணினிகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டிய தேவை எழுந்தது. 1973 மே 22 ஆம் திகதியிட்ட குறிப்பொன்றில் அவர் தமது திட்டத்தை விளக்கினார். அதன் பெயர் ஈதர்நெற். ஒளி பரவுவதற்கு ஊடகமாக அண்டமெங்கும் நிறைந்திருப்பதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் கருதிய ஈதர் என்னும் பொருளின் பெயரே அது. 1887 ஆம் ஆண்டின் மைக்கல்சன் - மோர்லிப் பரிசோதனைக்குப் பின் பௌதிகவியலாற் கைவிடப்பட்ட அப்பெயர், ஒரு செப்பு வடத்தின் மூலம் மறுபிறவி எடுத்ததெனலாம்.

மெற்காஃபும் டேவிட் பொக்ஸும் உருவாக்கிய அமைப்பில் அலோஹாவின் விதியுடன் இரு கட்டுப்பாடுகள் சேர்ந்தன. பேசுமுன் செவிமடுத்தல் ஒன்று. வடத்தில் வேறெவரும் அனுப்பாதபோதே ஒரு கணினி அனுப்பத் தொடங்கும். பேசும்போதும் செவிமடுத்தல் மற்றையது. மோதல் நேர்ந்ததை உணர்ந்தவுடன் இரு தரப்பும் நிறுத்திக்கொள்ளும். தொடக்கத்தில் இதன் வேகம் செக்கனுக்கு 2.94 மெகா பிற்றுகள். 1980 இல் மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 10 மெகா பிற்று வேகத்துக்கான பொது வரையறையை வெளியிட்டன. 1983 இல் அது பொறியியலாளர் சங்கத்தின் நியமமாயிற்று. தனியொரு நிறுவனத்தின் உடைமையாக நில்லாது பொது நியமமானமை ஈதர்நெற்றின் பரவலுக்கு முக்கியமானதொரு காரணமாகும்.

இரண்டாவது பாதையும் முடிவிலாச் சுழலும்

வலையமைப்புகள் வளர்ந்தபோது ஒரு வடம் போதாதாயிற்று. இரு வடங்களை இணைத்து, தேவையான பொதிகளை மட்டும் ஒரு புறத்திலிருந்து மறு புறத்துக்குக் கடத்தும் பாலம் என்னும் கருவி எண்பதுகளின் முற்பகுதியில் உருவாக்கப்பட்டது. இன்று சுவிற்ச் என வழங்கப்படும் ஆளியின் முன்னோடி இப்பாலமே.

பாலத்தோடு நமது இரண்டாவது வினாவும் பிறந்தது. இரு வடங்களுக்கிடையே ஒரே பாலம் இருந்து, அது பழுதுற்றால் இரு பகுதிகளும் துண்டிக்கப்படும். ஆகவே இரண்டாவது பாலமொன்றை வைப்பது இயல்பான சிந்தனை. ஆனால் அவ்வாறு வைத்த கணமே வலையமைப்பில் ஒரு வட்டம் உருவாகிவிடுகின்றது. எல்லோருக்குமென அனுப்பப்பட்ட ஒரு பொதியை முதற்பாலம் மறுபுறம் அனுப்பும்; அதனை இரண்டாவது பாலம் திரும்ப இப்புறம் அனுப்பும்; முதற்பாலம் மீண்டும் அனுப்பும். இணையத்தின் பொதிகளில் ஆயுள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டும்போதும் அது குறைந்து, சுழியமானதும் பொதி அழிக்கப்படும். ஈதர்நெற்றின் சட்டகத்துக்கு அத்தகைய ஆயுள் எண் கிடையாது. அது சாவறியாதது. பாதைகள் பலவாயின் சுற்றுந்தோறும் பிரதிகளும் பெருகும். சில செக்கன்களுள் வலையமைப்பு முழுவதும் பழைய பொதிகளின் சுழற்புயலால் நிரம்பி, பயனுள்ள ஒரு சொல்லேனும் செல்ல இடமில்லாது போகும். பாதுகாப்புக்காக வைக்கப்பட்ட இரண்டாவது பாதையே முதற்பாதையையும் அழிக்கும் விந்தை இது.

இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டவர் டிஜிற்றல் நிறுவனத்திற் பணியாற்றிய றேடியா பேர்ள்மன் என்னும் பெண் அறிஞர். 1985 இல் அவருடைய ஆய்வுரை வெளியாயிற்று. வலையமைப்பிலுள்ள எல்லாப் பாலங்களும் தத்தம் அடையாள எண்களைப் பரிமாறிக்கொள்ளும். மிகச் சிறிய எண்ணைக் கொண்ட பாலம் வேராகத் தெரிவுசெய்யப்படும். ஏனையவை வேரை அடைவதற்கான மிகக் குறுகிய பாதையைக் கணித்து, அப்பாதையிற் சேராத வாயில்களை அடைத்துவிடும். எஞ்சுவது வட்டமற்றதொரு மரம். வேரிலிருந்து இரண்டு செக்கனுக்கு ஒருமுறை வணக்கச் செய்தியொன்று புறப்பட்டுக் கிளைதோறும் செல்லும். 20 செக்கன் வரை அது வந்து சேராவிடின், பாதை அறுந்ததெனக் கொண்டு பாலங்கள் மீண்டும் கணித்து, அடைத்த வாயில்களுள் வேண்டியதைத் திறக்கும். வார இறுதி நெருங்கிய வேளையில் மேலதிகாரி தந்த இப்பணியை ஓரிரவிற் சிந்தித்து முடித்ததாகவும், எஞ்சிய நாட்களில் அதனைப் பற்றி ஒரு கவிதை எழுதியதாகவும் பேர்ள்மன் பின்னாளிற் கூறியுள்ளார். இம்முறை 1990 இல் நியமமாக ஏற்கப்பட்டது.

இத்தீர்வின் உட்பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. இங்கு இரண்டாவது பாதை அகற்றப்படவில்லை. அதன் வாய் அடைக்கப்பட்டிருக்கின்றது. அது காத்திருக்கின்றது, தொடர்ந்து செவிமடுக்கின்றது. மாற்றுவழி என்பது இரு பாதைகள் இருத்தல் அன்று. இரண்டில் எது இயங்குவது, எது காத்திருப்பது, எப்போது மாறுவது என்பதிற் பாலங்கள் அனைத்தும் உடன்பட்டிருத்தலே மாற்றுவழி. அவ்வுடன்பாட்டை மேலிருந்து விதிக்கும் தலைமைக் கருவி எதுவும் இல்லை என்பதும், அண்டையிலுள்ளவற்றோடு பேசியே ஒவ்வொரு பாலமும் முழுமையான மரத்தின் உறுப்பாகின்றது என்பதும் குறிப்பிடத்தக்கன.

மாடிதோறும் ஓர் அறை

தொண்ணூறுகளில் வலையமைப்பின் உருவம் கட்டடத்தின் உருவத்தைத் தழுவியது. 1990 இல், முறுக்கிய செப்புக் கம்பிச் சோடிகளினூடாக ஈதர்நெற்றைச் செலுத்தும் நியமம் வெளியாயிற்று. தொலைபேசிக் கம்பிகள் ஏற்கெனவே மாடிதோறும் ஓர் அறையிற் குவிந்து, அங்கிருந்து செங்குத்தாகக் கீழிறங்கி வந்த கட்டடங்களில், வலையமைப்பும் அதே வழியைப் பின்பற்றியது. அதே ஆண்டிற் கல்பனா என்னும் அமெரிக்க நிறுவனம், பல வாயில்களைக் கொண்ட ஈதர்நெற் ஆளியை விற்பனைக்கு விட்டது. இதன்பின், ஒரே வடத்தைப் பலர் பகிர்ந்த நிலை படிப்படியாக மாறி, ஒவ்வொரு கணினிக்கும் தனி வாயில் கிடைக்கலாயிற்று.

இவ்வாறே, மாடிக்கு ஓர் ஆளியும் கட்டடத்தின் மையத்தில் இரு ஆளிகளும் கொண்ட அமைப்பு வழக்கிற்கு வந்தது. ஒவ்வொரு மாடி ஆளியிலிருந்தும் மையத்தின் இரு ஆளிகளுக்கும் வடங்கள் செல்லும். பேர்ள்மனின் விதி அவற்றுள் ஒன்றை அடைத்து வைக்கும். எனினும் விதியைக் கருவியிடமே விட்டுவிட்டு மனிதர் வாளாவிருத்தல் இயலாது. முன்னுரிமை எண் எதனையும் எவரும் குறிக்காவிடின் எல்லா ஆளிகளும் 32768 என்ற ஒரே எண்ணையே கொண்டிருக்கும். அந்நிலையில் முகவரி எண் மிகச் சிறியதாகிய ஆளியே வேராகும். அது ஏதோவொரு மாடியின் மூலையிற் கிடக்கும் பழையதும் வலுக்குறைந்ததுமான கருவியாகவும் அமையலாம். அப்போது கட்டடம் முழுவதன் போக்குவரத்தும் அதனை நோக்கியே வளையும். ஆகவே மைய ஆளிகளுள் ஒன்றை முதல் வேராகவும் மற்றையதை அடுத்த வேராகவும் முன்கூட்டியே குறித்து வைத்தல், கட்டமைப்போரின் முதற்கடமையாகக் கொள்ளப்பட்டது.

பழைய நியமத்தின்படி மாற்றுப் பாதை திறப்பதற்கு 30 முதல் 50 செக்கன் வரை சென்றது. எண்பதுகளின் பயனாளருக்கு இது பொறுக்கக்கூடிய தாமதமே. குரலும் ஒளிப்படமும் வலையமைப்பிற் செல்லத் தொடங்கிய காலத்தில் அது பொறுக்க முடியாததாயிற்று. 2001 இல் வந்த திருத்திய நியமம் அதனைச் சில செக்கன்களுக்குள் அடக்கியது. இரு வடங்களை ஒரே வடம்போற் பிணைத்து இரண்டையும் ஒருங்கே பயன்படுத்தும் முறைக்கும் 2000 ஆம் ஆண்டில் நியமம் வகுக்கப்பட்டது.

சுவரையும் தளத்தையும் கடந்து

ஹவாயில் வானொலியாகத் தொடங்கி வடத்தினுள் அடங்கிய பகிர்வு, மீண்டும் வானொலிக்குத் திரும்பியமை இவ்வரலாற்றின் சுவையான திருப்பமாகும். 1985 இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு, சில மீடிறன் வீச்சுகளை அனுமதிப் பத்திரமின்றிப் பயன்படுத்த வழிசெய்தது. அவற்றுள் 2.4 கிகா ஹேட்ஸ் வீச்சும் ஒன்று. இதன் அடிப்படையில் எழுந்த கம்பியில்லா வலையமைப்புக்கு 1997 இல் முதல் நியமம் கிடைத்தது. வேகம் செக்கனுக்கு 2 மெகா பிற்றுகள் வரை. 1999 இல் அது 11 மெகா பிற்றுகளாக உயர்ந்தது. வைபை என்னும் வணிகப் பெயரும் அவ்வாண்டிலேயே வழக்கிற்கு வந்தது.

நியமம் பிறப்பதற்கு முன்னரே இதனை ஒரு முழு வளாகத்துக்கும் விரிக்க முற்பட்டது பிற்ஸ்பேர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகம். அலெக்ஸ் ஹில்ஸ் என்பவரின் தலைமையில் தொண்ணூறுகளின் முற்பகுதியில் தொடங்கிய அத்திட்டம் கம்பியில்லா அன்ட்ரூ எனப்பட்டது. பல்கலைக்கழகத்தின் பெயருக்குரிய அன்ட்ரூ கார்னகி, அன்ட்ரூ மெலன் ஆகிய இருவரின் முதற்பெயரே அது. முதலில் ஆய்வாளர்களுக்கென அமைந்த இவ்வலையமைப்பு, பின்னர் வளாகம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது.

இத்திட்டம் வெளிக்கொணர்ந்த உண்மைகளே நமக்கு முக்கியமானவை. வானொலி அலை வரைபடத்துக்குக் கட்டுப்படுவதில்லை. செங்கற் சுவர், இரும்பு அலுமாரி, மின்னுயர்த்தித் தண்டு, கூடியிருக்கும் மனிதர் ஆகிய ஒவ்வொன்றும் அதனை உறிஞ்சியோ தெறித்தோ திசைமாற்றும். எனவே ஓரிடத்தில் அணுகற் புள்ளியைத் தற்காலிகமாக வைத்து, கருவியோடு நடந்து சென்று அளந்து, பின் இடம் மாற்றி, மீண்டும் அளத்தலே வழி. அடுத்து, கட்டடம் முப்பரிமாணமுடையது. இரண்டாம் மாடியின் அலை தளத்தை ஊடுருவி முதலாம், மூன்றாம் மாடிகளுக்கும் கசியும். 2.4 கிகா ஹேட்ஸ் வீச்சில் அமெரிக்காவிற் பயன்படும் 11 அலைவரிசைகளுள் ஒன்றோடொன்று கலவாதவை 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. ஆகவே அயலிலுள்ள இரு புள்ளிகள் ஒரே அலைவரிசையைப் பெறாதவாறு பங்கிட வேண்டும். அயல் என்பதில் வலம் இடம் மட்டுமன்றி மேல் கீழும் அடங்கும். அடுத்தடுத்த நாடுகளுக்கு வெவ்வேறு நிறந்தீட்டும் தேசப்படப் புதிரைப் பல தட்டுகளில் அடுக்கியது போன்றது இது.

மேலும், வானொலியில் பேசும் கருவி தான் பேசும்போது பிறர் குரலைக் கேட்க இயலாது. தன் குரலே அதன் செவியை நிரப்பிவிடும். ஆதலால் மோதலை உணர்ந்து நிறுத்தும் ஈதர்நெற்றின் விதி இங்கு பயன்படவில்லை. மோதலை முன்கூட்டியே தவிர்க்க, ஒழுங்கற்ற நேரம் காத்திருந்து அனுப்பி, மறுமொழியை எதிர்பார்க்கும் முறையே கைக்கொள்ளப்பட்டது. ஏப்ரம்சனின் தீவு விதி இங்கு உருமாறித் திரும்பி வந்துள்ளதைக் காண்கின்றோம்.

இதிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகின்றது. சமிக்ஞை குறைவென்று கருதி மாடியெங்கும் அணுகற் புள்ளிகளை நெருக்கி வைப்பின், அவை ஒன்றையொன்று காத்திருக்கச் செய்து அனைவரின் வேகத்தையும் குறைக்கும். காற்றிலும் மிகுதி தானாக நன்மை பயப்பதில்லை.

பொஸ்ரன், 2002

ஒழுங்கு தன் எல்லையை மீறியபோது நேர்ந்ததற்கு வரலாற்றுச் சான்று அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் உண்டு. பெத் இஸ்ரேல், நியூ இங்கிலாந்து டீக்கனெஸ் என்னும் இரு வைத்தியசாலைகள் 1996 இல் ஒன்றிணைந்தன. அங்கு வலையமைப்பும் சிறிது சிறிதாக இணைப்புகளைச் சேர்த்து வளர்ந்தது. ஒவ்வோர் இணைப்பும் தனித்தனியே நோக்குமிடத்துத் தக்க காரணமுடையதே. ஆனால் மரத்தின் கிளைகள் நீண்டுகொண்டே சென்றன. பேர்ள்மனின் விதிக்கு வகுத்த கால அளவுகள், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஏழு பாலங்களுக்கு மேற்படாத வலையமைப்பைக் கருதிக் கணிக்கப்பட்டவை. அந்த எல்லை ஆரவாரமின்றி மீறப்பட்டது.

2002 நவம்பர் 13 ஆம் திகதி, பெருமளவு தரவு வலையமைப்பிற் பாய்ந்தபோது அமைப்பு நிலைகுலைந்தது. இத்தகைய வேளைகளில் நேர்வதை ஒருவாறு விளக்கலாம். ஆளிகள் சுமையில் அமிழ்ந்துபோக, வணக்கச் செய்திகள் உரிய காலத்தில் வந்து சேருவதில்லை. காத்திருக்கும் பாதை அந்த மௌனத்தை மரணமெனத் தவறாகக் கொண்டு தன் வாயிலைத் திறக்கின்றது. முதற்பாதையோ உயிரோடு இருக்கின்றது. வட்டம் உருவாகின்றது, புயல் எழுகின்றது, சுமை மேலும் ஏறுகின்றது.

வைத்தியசாலை ஏறத்தாழ நான்கு நாட்கள் காகிதத்துக்குத் திரும்ப நேர்ந்தது. மருந்துக் கட்டளைகளும் பரிசோதனை முடிவுகளும் கையெழுத்தில், கைமாறிச் சென்றன. அதன் தகவற்பிரிவுத் தலைவராயிருந்த ஜோன் ஹலாம்கா நிகழ்ந்ததை மறைக்காது பகிரங்கமாக எடுத்துரைத்தார். அதனாலேயே இச்சம்பவம் உலகெங்கும் பாடமாகக் கற்கப்படுகின்றது. பின்னர் அவ்வலையமைப்பு, மையத்தில் வழிப்படுத்திகளைக் கொண்டு சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து அமைக்கப்பட்டது. ஒரு பகுதியிற் புயல் எழுந்தாலும் அது அப்பகுதியைத் தாண்டாது.

இங்கு பழுதுற்றது எந்தவொரு கருவியும் அன்று, விதியும் பிழையானதன்று. முழு மரத்தையும் ஒருசேரப் பார்த்து அதன் நீளத்தை அளக்கும் கண் இல்லாது போயிற்று.

முடிவுரை

இன்று கம்பியுள்ளதும் கம்பியில்லாததுமான இரு வரலாறுகளும் ஒரே கூரையின்கீழ் இணைந்துள்ளன. 2003 இல் வந்த நியமத்தின்படி, தரவு செல்லும் அதே வடத்தினூடாக அணுகற் புள்ளிக்கு மின்வலுவும் ஊட்டப்படுகின்றது. ஆகவே ஒரு மாடி ஆளி நின்றுவிட்டால் அம்மாடியின் காற்றும் ஊமையாகின்றது. அடுத்தடுத்த அணுகற் புள்ளிகளை இரு வேறு ஆளிகளில் மாறி மாறி இணைப்பது இதனாலேயே விரும்பப்படுகின்றது. ஓர் ஆளி நின்றாலும் மாடியின் ஒரு பாதி முற்றாக இருளாது. எஞ்சிய புள்ளிகள் இடைவெளியை ஓரளவு நிரப்பும். அவ்விரு ஆளிகளும் ஒரே மின்னிணைப்பில் தங்கியிருந்தால் இவ்வேற்பாடும் வெறுங்கனவே. மாற்றுவழி காகிதத்தில் இருப்பது போதாது. ஒரு வடத்தை வேண்டுமென்றே கழற்றி, மற்றையது எழுகின்றதா எனக் காலந்தோறும் சோதித்தல் வேண்டும்.

அலோஹா முதல் பொஸ்ரன் வரையான வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பகிர்வு வெற்றியடைந்தது ஒவ்வொருவரும் தம் முறைக்குக் காத்திருக்க இசைந்தபோதே என்பது தெளிவாகும். மாற்றுவழி பயன் தந்ததும், அதற்கான உடன்பாட்டின் எல்லையை மனிதர் அறிந்து காத்தபோதே. தொழினுட்பத்தின் வரலாறு புதுமை புனைவோரின் வரலாறாக மட்டுமே எழுதப்பட்டு வருகின்றது. பேர்ள்மனின் ஓரிரவு நினைவுகூரப்படுவது முறையே. ஆனால் அவ்விதியைப் பல்லாயிரம் இரவுகளில் காத்து நின்ற, பூட்டிய சிற்றறைகளில் வடங்களுக்குப் பெயரெழுதி, வரைபடத்தைத் திருத்தி, எல்லையை அளந்த மனிதரின் உழைப்பு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. வைத்தியசாலையில் மருந்துக் கட்டளை உரிய நேரத்திற் சென்று சேர்வது அவர்களாலேயே. எதுவும் நிகழாதிருக்க உழைத்தோரின் வரலாற்றை எழுதுவதற்கு வேண்டிய சான்றுகள் ஆவணக்காப்பகங்களில் அரிது. அதனைத் தேடித் தொகுப்பது கணினித் துறையினரின் பணி மட்டுமன்று. வரலாறு கற்கும் நம்மவரின் பணியுமாகும்.